நன்னடத்தைக்கு ஓர் அறை

வியாபாரிகளாகிய நமக்கு இடத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முச்சந்திக் கடைக்கு ஒரு வாடகை, சந்துக் கடைக்கு ஒரு வாடகை. கல்லா எந்தப் பக்கம் இருக்க வேண்டும், தராசு எங்கே இருந்தால் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும், கடன் பாக்கி உள்ளவரை எங்கே உட்கார வைத்துப் பேசினால் அவர் முகம் வாடாமல் இருக்கும் என்பதையெல்லாம் அனுபவம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. வாடிக்கையாளர் நிறைந்த நேரத்தில் கடன்காரரை வாசலில் நிறுத்தி, “பாக்கி என்னவாயிற்று?” என்று உரக்கக் கேட்பவர் பணத்தையும் இழப்பார், மனிதரையும் இழப்பார்.

இவ்வளவு அறிந்த நாம், தவறிழைத்துத் திருந்த முயலும் ஒரு சிறுவனை எங்கே உட்கார வைத்துப் பேசுவது என்ற கேள்வி எழுந்தபோது தடுமாறிவிட்டோம். அந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது இதுதான். ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறோம். பெட்டாலிங் ஜெயாவில் உணவகம் நடத்தும் ஹாஜியார் ஒருவர். அவர் கடையில் பல வருஷங்களாக வேலை பார்க்கும் சிப்பந்தியின் மகன், பதினாறு வயதுப் பையன், கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு திருட்டு மோட்டார் சைக்கிள் விவகாரத்தில் அகப்பட்டுக்கொண்டான். நீதிமன்றம் அவனை உள்ளே அனுப்பவில்லை. நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையில் வீட்டிலேயே இருக்கும்படி உத்தரவிட்டது. ஹாஜியார் பெரிய மனது உடையவர். பையனைக் கைவிடாமல், மாலை வேளைகளில் தம் கடையிலேயே எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டார். அதிகாரி அம்மையாரும், தகப்பனாரையும் மகனையும் ஒருசேரப் பார்ப்பதற்கு வசதியாகக் கடைக்கே வருவதற்கு இசைந்தார்.

முதல் சந்திப்பு, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் நடந்தது. ரொட்டிக் கல்லின் சத்தம் ஒரு பக்கம், தண்ணீர் ஓடும் சத்தம் ஒரு பக்கம். கேட்க வேண்டியவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. கேட்கக் கூடாதவர்களுக்கு முழுதும் கேட்டுவிட்டது. மறுநாள் தேநீர் கலக்கும் பையன் ஒருவன் விளையாட்டாக, “கேஸ் என்னாச்சு?” என்று கேட்டான். அன்றோடு சிறுவன் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஹாஜியார் வருத்தப்பட்டு, அடுத்த சந்திப்புக்கு மாடியிலுள்ள சரக்கு அறையை ஒழித்துக் கொடுத்தார். குறுகலான படி, ஒரே கதவு, இரும்பு கிராதி, இரு பக்கமும் அரிசி மூட்டைகள். அதிகாரி கடைசிப் படி வரை ஏறிப் பார்த்துவிட்டு, “இங்கே வேண்டாம் ஹாஜி, கீழேயே பேசிக்கொள்கிறோம்” என்று மரியாதையாகச் சொல்லி இறங்கிவிட்டார். ஹாஜியாருக்கு மனத்தாங்கல். “என் கடையில் என்ன ஆபத்து வந்துவிடும்? நம்மை நம்பவில்லையே!” என்று நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மூன்றாவதாக, நம் சங்கத்தின் அறையைக் கொடுக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அங்கே மாலையில் பிள்ளைகள் குர்ஆன் ஓதுகிறார்கள். பெற்றோர் இருவர் உடனே எழுந்து, “நம் பிள்ளைகள் வந்து போகும் இடத்தில் இப்படிப்பட்டவர்களை அழைப்பது நியாயமா?” என்று கேட்டார்கள்.

சகோதரர்களே! இம்மூன்றிலும் யார் குற்றவாளி? நாம் எவ்வளவோ யோசித்தும் ஒருவரையும் குற்றவாளியாகக் காண முடியவில்லை. வெட்கப்பட்ட சிறுவனிடம் நியாயம் இருக்கிறது. தனி அறைக்கு அஞ்சிய அதிகாரியிடம் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளுக்காகப் பதறிய பெற்றோரிடமும் நியாயம் இருக்கிறது. எல்லோரிடமும் நியாயம் இருக்க, காரியம் மட்டும் நடக்காமல் நிற்கிறதென்றால், எதையோ நாம் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்றே பொருள்.

தவணையும் அதன் எல்லையும்

முதலில் நன்னடத்தை உத்தரவு என்பது என்ன என்று தெரிந்துகொள்வது அவசியம். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் வழக்குகளை நடத்தும் முறையை வகுத்திருக்கிறது. அதற்கு முன் 1947ஆம் ஆண்டின் சிறார் நீதிமன்றச் சட்டம் இருந்தது. சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தீர்ப்புக்கு முன் சமூக நல இலாகாவின் நன்னடத்தை அதிகாரி, பையனின் குடும்பம், படிப்பு, பழக்கவழக்கம் ஆகியவற்றை விசாரித்து அறிக்கை கொடுக்கிறார். இடமுண்டு என்று கண்டால் நீதிமன்றம் அவனை ஒரு வருஷத்துக்குக் குறையாமலும் மூன்று வருஷத்துக்கு மேற்படாமலும் அதிகாரியின் மேற்பார்வையில் விடுகிறது.

வியாபார பாஷையில் சொன்னால் இது ஒரு தவணை. கடன் தள்ளுபடியாகவில்லை, பேரேட்டில் அப்படியே இருக்கிறது. ஆனால் கொடுக்க மனமிருந்தும் கையில் இல்லாதவனுக்கு அவகாசம் கொடுக்கப்படுகிறது. கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி திருமறை நமக்குக் கற்பித்திருக்கிறது. அதை நம்மில் பலர் கடைப்பிடித்தும் வருகிறோம். அப்படியிருக்க, நீதிமன்றம் கொடுத்த தவணையை நாம் மட்டும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பானேன்?

இவ்விடத்தில் ஒரு தடை உண்டு. நாம் கொடுக்கும் தவணையில் ஆபத்து நம் முதலுக்கு மட்டுமே. பணம் வராவிட்டால் நஷ்டம் நமக்கு. குற்றம் செய்த ஒருவனுக்கு நம் இடத்தைத் திறந்துவிட்டால், அதனால் ஏதேனும் விபரீதம் நேருமானால், நஷ்டப்படுவது நாமல்ல. பக்கத்துக் கடைக்காரர், ஓத வரும் பிள்ளைகள், தனியே வந்து போகும் அதிகாரி. பிறர் முதலை எடுத்துத் தர்மம் செய்பவனை நாம் தர்மவான் என்று சொல்வதில்லை. அவ்வாறே பிறருடைய பாதுகாப்பை எடுத்துக் கருணை காட்டுபவனையும் கருணையாளன் என்று சொல்ல முடியாது. தன் தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்றிருக்காத ஒருவர் உண்மை விசுவாசியாகார் என்ற நபிமொழியின் கருத்தை நாம் அறிவோம். ஆகவே பெற்றோர் இருவரும் எழுப்பிய ஆட்சேபம் கல்நெஞ்சர் பேச்சல்ல. அது மார்க்கத்திலேயே வேர் உள்ள ஆட்சேபம்.

ஒரு பக்கம் தவணை, மறு பக்கம் பிறருடைய பாதுகாப்பு. இரண்டும் கடமை. ஒன்றை நிறைவேற்ற மற்றொன்றைக் கைவிடத்தான் வேண்டுமா?

ஒரு செருப்புக் கடையின் கதை

இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் இரண்டு செய்திகள் உள்ளன. இரண்டிலும் வருபவர்கள் நம்மைப் போலத் தொழில் செய்து பிழைத்தவர்களே.

முதலாவது, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் செய்தி. ஜான் அகஸ்டஸ் என்பவர் அங்கே காலணி தைத்து விற்கும் கடை வைத்திருந்தார். கடை நீதிமன்றத்துக்குச் சமீபம். 1841ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், குடிப்பழக்கத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு மனிதரைப் பார்த்து மனமிரங்கி, அவருக்குத் தாமே ஜாமீன் நின்றார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதரை மறுபடி அழைத்துப் போனபோது நீதிபதிக்கு அவரை அடையாளமே தெரியவில்லையாம். ஒரு சென்ட் அபராதமும் செலவுத் தொகையும் விதித்து விட்டுவிட்டார். அன்று தொடங்கிய அகஸ்டஸ், 1858க்குள் 1,946 பேருக்கு ஜாமீன் நின்றார். பலரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அவர் வியாபாரம் நலிந்தது. சிறைக்கு ஆள் அனுப்பினால் கிடைக்கும் கட்டணம் போயிற்றே என்று சில சிப்பந்திகள் அவரை எதிர்த்தார்கள். 1859இல் அவர் காலமானார். 1878இல் அந்த மாஸசூசெட்ஸ் மாநிலமே நன்னடத்தை அதிகாரிகளுக்கான முதல் சட்டத்தை இயற்றியது.

இங்கிலாந்திலும் ஏறக்குறைய இப்படித்தான். 1876இல் பிரெடரிக் ரெய்னர் என்ற அச்சுத் தொழிலாளர் ஐந்து ஷில்லிங் அனுப்பி, நீதிமன்றங்களில் வந்து சிக்கும் ஏழைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு மதுவிலக்குச் சங்கத்துக்கு எழுதினார். அதிலிருந்து பிறந்த ஏற்பாடு 1907இல் சட்டமாயிற்று. நம் முன்னோர் கப்பலேறி வந்த சென்னை மாகாணத்தில் 1920இல் சிறுவர் சட்டமும், 1936இல் நன்னடத்தைச் சட்டமும் வந்தன. இன்றைக்குப் பெரிய இலாகாக்களாக இருப்பவற்றின் மூலத்தைத் தேடிப் போனால், ஒரு செருப்புக் கடையும் ஓர் அச்சுத் தொழிலாளரின் ஐந்து ஷில்லிங்கும்தான் கிடைக்கின்றன. ஆகவே, “இது சர்க்கார் வேலை, கடைக்காரனுக்கு இதில் என்ன?” என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அகஸ்டஸ் வந்தவர்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முந்திய நடத்தை எப்படி, வயது என்ன, இனி யாரோடு பழகப் போகிறார் என்று விசாரித்த பிறகே ஜாமீன் நின்றார். நம்மில் எவரும் விசாரிக்காமல் சரக்கைக் கடன் கொடுப்பதில்லையல்லவா? அவரும் அப்படித்தான்.

இரண்டாவது செய்தி துக்கமானது. ஜப்பானில் ‘ஹோகோஷி’ என்ற தொண்டர்கள் இருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் சட்டப்படி அவர்கள் நன்னடத்தை அதிகாரிகளுக்குத் துணை நிற்கிறார்கள், சம்பளம் கிடையாது. நாடெங்கும் ஏறத்தாழ 47,000 பேர். தம் மேற்பார்வையில் உள்ளவரைத் தம் வீட்டுக்கே அழைத்து, தேநீர் கொடுத்துப் பேசுவது அவர்களிடம் நெடுநாள் வழக்கம். அலுவலகத்தில் திறக்காத மனம் ஒரு வீட்டின் கூடத்தில் திறக்கும் என்பது அவர்கள் அனுபவம். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், ஓட்சு நகரத்தில் உணவகம் நடத்திவந்த ஒரு தொண்டர் தம் வீட்டிலேயே கொலையுண்டு கிடந்தார். அவர் மேற்பார்வையில் இருந்தவரே கைது செய்யப்பட்டார். அந்நாடே திடுக்கிட்டது. தொண்டர்களின் குடும்பத்தார், இனி வேண்டாம் என்று அஞ்சினார்கள். அதன் பின்னர் அந்நாட்டார், வீட்டுக்கு வெளியே சந்திப்பதற்கு ஊர்ப் பொது இடங்களை அதிகப்படுத்துவது, ஒருவருக்குப் பதில் இருவராகப் பொறுப்பேற்பது என்ற வழிகளை முன்வைத்தார்கள்.

இதைப் படித்தபோது, மாடிப்படியிலிருந்து இறங்கிப்போன அதிகாரி அம்மையாரை நினைத்துக்கொண்டோம். அவர் ஹாஜியாரை அவமதிக்கவில்லை. அந்தச் சிறுவனையும் அவமதிக்கவில்லை. ஆயிரத்தில் ஒருமுறை நேரக்கூடியதற்கு முன்னேற்பாடு செய்பவர், எதிரில் இருப்பவரைக் கெட்டவர் என்று சொன்னதாக அர்த்தமில்லை. நாம் இரவில் கடையைப் பூட்டுகிறோம். தெருவில் போகிறவர்கள் அனைவரும் திருடர்கள் என்றா பூட்டுகிறோம்?

கயிறும் இருந்தது, பள்ளியும் இருந்தது

ஜப்பானியத் துயரத்திலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்குப் போக முடியும். ஒன்று, இப்படிப்பட்டவர்களுக்குக் கதவே திறக்கக் கூடாது என்பது. மற்றொன்று, அல்லாஹ் காப்பாற்றுவான், முன்னேற்பாடெல்லாம் எதற்கு என்பது. இரண்டாவதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று வினவியவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள்.

முதலாவதற்கும் ஸீராவில் பதில் இருக்கிறது. யமாமாவின் தலைவர்களில் ஒருவரான துமாமா பின் உதால் என்பவர் சிறைப்பிடிக்கப்பட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் சாதாரணக் கைதியல்லர், முஸ்லிம்களுக்கு எதிரியாயிருந்தவர். அவரை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஊருக்கு வெளியே பாழ் வீட்டில் அல்ல. மஸ்ஜிதுன் நபவியில், பள்ளிவாசலின் தூண் ஒன்றில் கட்டி வைத்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடுத்தடுத்த நாட்களில் அவரிடம் வந்து, என்ன நினைக்கிறீர் என்று விசாரித்தார்கள். மூன்றாவது நாள் அவரை அவிழ்த்து விடச் சொன்னார்கள். விடுதலை பெற்றவர் ஓடிவிடவில்லை. அருகிலிருந்த பேரீச்சந் தோட்டத்தில் குளித்துவிட்டுத் திரும்பி வந்து இஸ்லாத்தைத் தழுவினார்.

இந்த வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இடத்தைப் பற்றிய பாடம் ஒன்று இதில் இருப்பதை இப்பொழுதுதான் கவனித்தோம். கயிறும் இருந்தது, பள்ளியும் இருந்தது. கயிறு இல்லாமல் பள்ளி மட்டும் இருந்திருந்தால் பிறருக்கு ஆபத்து. பள்ளி இல்லாமல் கயிறு மட்டும் இருந்திருந்தால் அவருக்கு வெறும் சிறை. நல்லவர்கள் வந்து போவதையும், தொழுவதையும், ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதையும் அவர் கண்ணால் காணக்கூடிய இடத்தில், ஆனால் எவருக்கும் தீங்கு நேராத விதத்தில், அவர் வைக்கப்பட்டார். பாதுகாப்பும் கருணையும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? நம் சிறுவன் கட்டி வைக்கப்பட வேண்டிய கைதியல்லன். அவனுக்குரிய கயிறு, நீதிமன்ற உத்தரவும் ஒழுங்கான ஏற்பாடுமே. அதைச் செய்துவிட்டால் பள்ளியின் பக்கம் அவனை அழைப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அறிய வேண்டியதும் அறியக் கூடாததும்

இனி, மிகவும் சிக்கலான கட்டத்துக்கு வருகிறோம். சங்கத்தின் அறையைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே வந்து போகும் மற்றவர்களிடம் சொல்லாமல் கொடுக்கலாமா? அவர்கள் பாதுகாப்புச் சம்பந்தப்பட்டதாயிற்றே, மறைப்பது துரோகமல்லவா? சொல்லிவிட்டாலோ, பையனின் குற்றத்தை ஊரறியச் செய்தவர்களாகிறோம். ஒரு சகோதரனின் குறையை இவ்வுலகில் மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்ற வாக்குறுதியை நாமே இழந்துவிடுகிறோம். சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம் என்ற நிலை.

நாம் பிரித்துப் பார்க்கத் தவறியது இங்கேதான். அண்டையில் உள்ளவருக்கு ஏற்பாட்டை அறியும் உரிமை உண்டு. ஆளை அறியும் உரிமை இல்லை. இன்ன கிழமை, இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை, சமூக நல இலாகாவின் காரியத்துக்காக அறை கொடுக்கப்படுகிறது. அந்நேரம் பிள்ளைகளுக்கு ஓதுதல் கிடையாது. பொறுப்பாளர் ஒருவர் வெளியே இருப்பார். யாரை எங்கே சந்திக்கலாம் என்பதை முடிவு செய்வது அதிகாரியே. இவ்வளவையும் பெற்றோர் அனைவருக்கும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமலிருப்பது தவறு. ஆனால் யார் வருகிறான், யார் மகன், என்ன செய்தான் என்பது அவர்களுக்கு வேண்டியதில்லை. அது தெரிந்ததனால் ஒரு பிள்ளையின் பாதுகாப்பும் இம்மியளவும் கூடிவிடாது. ஊர்வாய்க்கு ஒரு செய்தி கிடைக்கும், அவ்வளவே.

நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பிரிவினையைத்தான் ஏற்றிருக்கிறது. சிறார் நீதிமன்ற விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. சிறுவனின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் வெளியிடுவது குற்றம். அதோடு, சிறார் நீதிமன்றம் கூடுமானவரை வேறு கட்டடத்தில் அல்லது வேறு அறையில் கூட வேண்டும். ஒரே கட்டடமானால் சிறுவர்கள் வந்து போவதற்குத் தனி வாசல் இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. ஒரு வாசலைப் பற்றிச் சட்டம் கவலைப்படுகிறது, பாருங்கள்! எந்த வாசல் வழியாக ஒரு சிறுவன் நுழைகிறான் என்பதைப் பொறுத்து அவன் தலை நிமிர்வதும் தாழ்வதும் இருக்கிறது என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

மறைவு வேண்டும் என்றதும் இருட்டறை வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் இரவில் தம் துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களோடு பள்ளிவாசலருகே நின்றபோது, அன்ஸாரிகள் இருவர் விரைந்து கடந்து போனார்கள். அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யாதான் என்று தெரிவித்தார்கள். உள்ளத்தில் சந்தேகம் விழுவதற்கு இடங்கொடுக்கக் கூடாது என்பதே அதன் கருத்து. நபியவர்களே இவ்வாறு செய்தார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்? ஆகவே பேச்சு மறைவாக இருக்க வேண்டும். அறை மறைவாக இருக்கக் கூடாது. உள்ளே நடப்பது வெளியே தெரியலாம், உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது. ஹாஜியாரின் கீழ் மேஜை பேச்சைக் காப்பாற்றவில்லை. மாடி அறை ஆளைக் காப்பாற்றவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும்.

அறை எப்படி இருக்க வேண்டும்?

இதில் பெரிய செலவு ஏதுமில்லை. கதவில் கண்ணாடி பதித்த ஓர் அறை. வழி இரண்டாக இருந்தால் நலம். ஒன்றேயானால் அதிகாரியின் நாற்காலி கதவுக்குச் சமீபத்தில் இருக்க வேண்டும். உள்ளிருந்து தாழ்ப்பாள் வேண்டாம். நல்ல வெளிச்சம் வேண்டும். எறிவதற்கும் எடுப்பதற்கும் ஏதுவான சாமான்கள் அங்கே இருக்க வேண்டியதில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பேச்சுக் கேளாத தூரத்தில், நிதானமுள்ள பெரியவர் ஒருவர் அமர்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் யாரிடமும் எதையும் விசாரிக்கக் கூடாது. வருகைப் புத்தகம் மேஜைமேல் விரித்துக் கிடக்கக் கூடாது.

நேரமும் இடத்தைப் போலவே முக்கியம். ஓதும் பிள்ளைகள் வரும் நேரம் வேண்டாம். ஜமாஅத் கூடும் நேரமும் வேண்டாம். ஆளரவமற்ற இரவும் வேண்டாம். பிற்பகலில், அஞ்சடியில் ஆள் நடமாட்டம் இருக்கும் வேளையே ஏற்றது. சங்கக் கட்டடத்துக்குப் பல காரியமாகப் பலர் வருகிறார்கள். கல்வி உதவிக்கு, கல்யாணப் பதிவு பற்றி விசாரிக்க, வியாபார உரிமத்துக்கு மனு எழுத. அவர்களில் ஒருவனாக நம் சிறுவனும் ஏறி வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவனுக்குத் தனி வாசல் கட்ட நம்மிடம் பணமில்லாவிட்டாலும், பொது வாசலின் மரியாதையைக் கொடுக்க முடியும்.

எல்லாரையும் இங்கே சந்திக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குழந்தைகளுக்குத் தீங்கிழைத்த வழக்கானாலும், கைமிஞ்சிய கோபக்காரரானாலும், அவர்களை அலுவலகத்தில் வைத்தே சந்திப்பதுதான் முறை. அதை நிர்ணயிப்பது அதிகாரியின் வேலை. அவர் ‘வேண்டாம்’ என்றால் நாம் மனத்தாங்கல் கொள்ளக் கூடாது. நாம் அதிகாரிகளாகிவிட முயலவும் கூடாது. அறையைக் கொடுப்பவன் அறையைத்தான் கொடுத்தான். சிறுவனை உபதேசித்துத் தள்ளும் அதிகாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

“இதெல்லாம் சர்க்காருக்குக் கட்டடம் இல்லாமலா?” என்று சிலர் கேட்கலாம். கட்டடங்கள் உண்டு. பெற்றோர் தம் பிள்ளைகளுக்காகப் பிணை எழுதிக் கொடுக்கும்போது, இருவரும் சேர்ந்து வகுப்புகளுக்கு வரவேண்டிய மையங்களைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. ஆனால் மாதச் சம்பளத்தில் பாதி நாள் விடுப்புக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய ஒரு தகப்பன், அலுவலக நேரத்தில் நெரிசலைக் கடந்து போய் வருவது எவ்வளவு சிரமம் என்பதைச் சிப்பந்திகளை வைத்து வேலை வாங்கும் நாம் அறிவோம். சந்திப்பு தவறினால் உத்தரவு மீறப்பட்டதாகும். பிறகு தவணை முறியும். முறிந்தபின் அந்தப் பையன் எங்கே போவான்? கூட்டாளிகளிடம்தான். அப்பொழுது நம் தெருவின் பாதுகாப்பு என்னவாகும்? கதவைச் சாத்துவதால் நாம் பத்திரமாக இருக்கிறோம் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வெயில் இல்லை என்பதற்குச் சமானம். ஒழுங்கான இடத்தில் ஒழுங்காக நடக்கும் சந்திப்பே ஊருக்கும் காவல்.

பெட்டாலிங் ஜெயாவே இதற்குச் சாட்சி. கோலாலம்பூரின் நெரிசலுக்கு இடமில்லை என்று கண்டு, 1952இல் ஒரு ரப்பர் தோட்டத்தைத் திருத்தி இவ்வூரை அமைத்தார்கள். வேறெங்கும் இடமில்லாதவர்களுக்கு இடம் கொடுப்பதற்காகப் பிறந்த ஊர் இது. 2006இல் மாநகரமாயிற்று. நம்மவரில் எத்தனையோ பேர், யாரோ ஒருவர் கடையின் பின்கட்டில் படுக்க இடங்கொடுத்ததால்தான் இன்று முதலாளிகளாக இருக்கிறோம். அந்த ஒருவர் நம்முடைய பூர்வோத்தரங்களை எவ்வளவு தூரம் விசாரித்தார்?

ஹாஜியாரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அந்த அம்மா மாடியில் உட்காராதது நல்லதாயிற்று. உட்கார்ந்திருந்தால் நான் அதையே சரி என்று நினைத்திருப்பேன்” என்றார். ஆட்சேபித்த பெற்றோரில் ஒருவரிடமும் பேசினோம். நேரத்தையும் ஏற்பாட்டையும் எழுத்தில் கொடுத்தால் தமக்கு மறுப்பில்லை என்றார். மற்றவர் இன்னும் இணங்கவில்லை. அவரைக் குறைசொல்ல மாட்டோம். அவர் கேட்கும் கேள்விகள் நம் ஏற்பாட்டைச் செம்மைப்படுத்தவே உதவும். சிறுவனோ, கடைக்கு இன்னும் திரும்பவில்லை. அடுத்த சந்திப்புத் தேதி மட்டும் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

அறைச் சாவி சங்கத்தின் கையில் இருக்கிறது. வரும் செயற்குழுவில் இது முடிவாக வேண்டும். கதவுக்குக் கண்ணாடி போடும் செலவை ஏற்பதாக ஹாஜியார் சொல்லியிருக்கிறார். வாரத்தில் ஒரு பிற்பகல் வெளியே அமர்ந்திருக்க, பேச்சைக் குறைத்துப் பொறுமையைக் கூட்டிக்கொள்ளத் தெரிந்த பெரியவர்கள் நாலைந்து பேர் வேண்டும். விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். வருகிறவன் யார் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

நம் குறைகளை மறைத்து, நமக்கும் தவணை கொடுத்துக்கொண்டிருக்கிற வல்ல நாயன், பிறருக்குத் தவணை கொடுக்கும் மனத்தையும், எவருக்கும் தீங்கு நேராமல் அதைக் கொடுக்கும் அறிவையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.